காணிக்கைப் பையும் கியூஆர் அட்டையும்: போனில் கொடுக்கும் பணம் சபைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது?

வடசென்னையில் உள்ள எங்கள் சபையில் ஞாயிறு காணிக்கை எண்ணும் மேசையில் பல வருடங்களாக உட்காருகிறவன் நான். ஆராதனை முடிந்ததும் ஆலயத்தை ஒட்டிய வெஸ்ட்ரி அறையில் பைகளைக் கவிழ்ப்போம். சில்லறை ஒரு பக்கம், நோட்டு ஒரு பக்கம், கவர் ஒரு பக்கம். எண்ணி முடித்ததும் மூன்று பேர் கையெழுத்துப் போட்டுப் பதிவேட்டில் ஏற்றுவோம். இப்போது அந்தப் பைகளின் கனம் குறைந்துவிட்டது. சபையார் கொடுப்பதை நிறுத்திவிடவில்லை. நோட்டீஸ் போர்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் கியூஆர் அட்டை வழியாகப் பெரும்பகுதி நேரே வங்கிக்குப் போய்விடுகிறது.

அந்த அட்டையைப் பற்றி ஆளுக்கொரு பேச்சு. "அதை ஸ்கேன் பண்ணினா நம்ம அக்கவுண்ட்ல எவ்வளவு இருக்குன்னு சர்ச்சுக்குத் தெரிஞ்சிடும்" என்கிறார் ஒருவர். "ஜிபேகாரன் கமிஷன் எடுத்துக்கிட்டு மிச்சத்தைத்தான் சபைக்குக் குடுக்கிறான்" என்கிறார் இன்னொருவர். "ஆன்லைன்ல குடுத்தா இன்கம்டாக்ஸ்ல கழிச்சுக்கலாம்" என்று ஒரு வாலிபத் தம்பி உறுதியாகச் சொல்கிறார். மூன்றுமே சரியில்லை. ஆனால் இவற்றை நம்பிச் சிலர் கொடுக்கத் தயங்குகிறார்கள், சிலர் தவறான கணக்குக்குக் கொடுக்கிறார்கள், சில சபைகள் பின்னால் பெரிய சிக்கலில் மாட்டிக்கொள்கின்றன. அதனால் அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

காணிக்கையின் உருவம் மாறுவது இந்த ஊருக்குப் புதிது அல்ல. ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் ஆலயம் 1680-இல் திறக்கப்பட்டது. கோட்டைவாசிகள் கொடுத்த நன்கொடையில் எழுந்த கட்டடம் அது. அன்றைய சென்னையில் புழங்கியவை பகோடா, பணம், காசு என்ற நாணயங்கள். அதன் பின் ரூபாய் வந்தது, அணா போனது, பைசா வந்தது. தென்மாவட்டத்துக் கிராமச் சபைகளிலிருந்து இங்கே குடிவந்தவர்களுக்குப் பிடியரிசிக் காணிக்கையும் நினைவிருக்கும். சோறு வடிக்க அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி தனியே வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அரிசியை மாற்றிப் பணமாக்கியபோது யாருக்கும் பயம் வரவில்லை. அந்த அரிசி எங்கே போகிறது என்று எல்லோருக்கும் கண்ணால் தெரிந்தது. போனில் போகும் பணம் கண்ணுக்குத் தெரிவதில்லை. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

அட்டை என்பது ஒரு விலாசம்

கியூஆர் என்பது கறுப்பு, வெள்ளைக் கட்டங்களாக மாற்றி எழுதப்பட்ட எழுத்து. 1994-இல் ஜப்பானில் டென்சோ வேவ் என்ற நிறுவனம் வாகன உதிரிபாகங்களை வேகமாக அடையாளம் காண உருவாக்கியது. நம் கண்ணால் படிக்க முடியாது, கேமராவால் படிக்க முடியும், அவ்வளவுதான். சபையின் அட்டைக்குள் எழுதியிருப்பது ஒரே ஒரு வரி: இந்தப் பெயருக்கு, இந்த முகவரிக்குப் பணம் அனுப்பு. அந்த முகவரியைத்தான் யுபிஐ ஐடி என்கிறோம். நடுவில் அட் குறி போட்டு, முன்னால் ஒரு பெயர், பின்னால் வங்கியையோ செயலியையோ குறிக்கும் ஒரு சொல் என்று இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரயில்வே பென்ஷன் வாங்கும் பாட்டி ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்திக் கேட்டார்: "தம்பி, இந்தக் கட்டத்துக்கு முன்னால போனைக் காட்டினா என் பென்ஷன் பூரா உருவிடுவாங்களாமே?"

"பாட்டி, உங்க வீட்டு விலாசம் எனக்குத் தெரியும். அதை வெச்சு நான் உங்க பீரோவைத் திறக்க முடியுமா?"

"அது எப்படி முடியும்? லெட்டர் வேணா போடலாம்."

அதேதான். சபையின் அட்டை சபையின் விலாசம். அதைப் பார்த்து யார் வேண்டுமானாலும் சபைக்குப் பணம் போடலாம். அதை வைத்து யாரும் எதையும் எடுக்க முடியாது, சபையிடமிருந்தும் முடியாது, உங்களிடமிருந்தும் முடியாது. எவ்வளவு என்று நீங்கள் தொகையை அடித்து, நீங்களே ஒப்புதல் கொடுத்தால் ஒழிய (பெரும்பாலும் பின் எண் என்ற உங்கள் ரகசிய எண்ணைப் போட்டு) ஒரு ரூபாய்கூட நகராது.

ஆனால் விலாசத்தில் ஓர் ஆபத்து உண்டு. தெருப்பலகையை மாற்றி வைத்தால் தபால் வேறு வீட்டுக்குப் போகும். அட்டையின் மேல் வேறு கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டாலும் அதேதான் நடக்கும். இரண்டு கட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் நம் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே கட்டத்தைப் பார்த்துப் பயனில்லை. ஸ்கேன் செய்தபின் திரையில் என்ன பெயர் வருகிறது என்று பார்க்க வேண்டும். சபையின் பெயர் வந்தால் தொடருங்கள். வேறு பெயர் வந்தால் போனை மூடிவிட்டுப் பொருளாளரிடம் போய்ச் சொல்லுங்கள். ஞாயிறு காலை ஆலயம் திறக்கும்போது ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளையோ கமிட்டியில் ஒருவரோ அட்டையை ஒருமுறை ஸ்கேன் செய்து பார்ப்பது நல்ல பழக்கம்.

இதுவரை வந்தது இவ்வளவு: அட்டைக்குள் பணமும் இல்லை, சாவியும் இல்லை. விலாசம் மட்டும் இருக்கிறது. அந்த விலாசம் யாருடையது என்பதைத் திரையில் வரும் பெயர் சொல்லும்.

இரண்டு அண்ணாச்சி கடைகள்

இனிப் பணம் போகும் வழி. பெரம்பூரில் ஒரு அண்ணாச்சி கடை, புரசைவாக்கத்தில் ஒரு அண்ணாச்சி கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பெரம்பூர் கடையில் கணக்கு இருக்கிறது. முன்பணம் கொடுத்து வைத்திருக்கிறேன். என் நண்பருக்குப் புரசைவாக்கம் கடையில் கணக்கு. நண்பருக்கு 500 ரூபாய் தர வேண்டும். நான் எங்கள் அண்ணாச்சியிடம் சொல்கிறேன். அவர் என் பக்கத்தில் 500 கழித்துவிட்டுப் புரசைவாக்கத்துக்கு போன் போடுகிறார். அந்த அண்ணாச்சி நண்பரின் பக்கத்தில் 500 ஏற்றுகிறார். யாரும் நோட்டைத் தூக்கிக்கொண்டு சாலையில் நடக்கவில்லை. அதே நாளில் அங்கிருந்து இங்கேயும் பலர் இப்படி அனுப்பியிருப்பார்கள். மாலையில் இரண்டு அண்ணாச்சிகளும் கணக்குப் பார்த்து, வித்தியாசத்தை மட்டும் கைமாற்றிக்கொள்கிறார்கள்.

யுபிஐ இப்படித்தான் வேலை செய்கிறது. கடைகளுக்குப் பதில் வங்கிகள். கடைகள் இரண்டாக இல்லாமல் நூற்றுக்கணக்கில் இருப்பதால் ஒவ்வொன்றும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போன் போட்டுக்கொண்டிருக்க முடியாது. நடுவில் ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேண்டும். அந்த எக்ஸ்சேஞ்ச்தான் என்பிசிஐ; வங்கிகள் சேர்ந்து 2008-இல் அமைத்த நிறுவனம். அது 2016-இல் கொண்டுவந்த ஏற்பாடுதான் யுபிஐ. ஜிபே, போன்பே, பேடிஎம் போன்றவை அந்த எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட நம் கையில் இருக்கும் போன் கருவிகள்.

பாட்டி சபைக்கு 200 ரூபாய் அனுப்புகிறார் என்றால் நடப்பது இது. செயலி அட்டையிலிருந்து விலாசத்தைப் படிக்கிறது. பாட்டி தொகையை அடித்துப் பின் எண்ணைப் போடுகிறார். அந்தப் பின் எண் போனிலேயே பூட்டப்பட்டு, பாட்டியின் வங்கிக்குப் போய் அங்கேதான் சரிபார்க்கப்படுகிறது. சபைக்கும் தெரியாது, செயலிக்காரருக்கும் தெரியாது. பாட்டியின் வங்கி 200 ரூபாயைக் கழித்துக்கொண்டு "கழித்தாயிற்று" என்று என்பிசிஐக்குச் சொல்கிறது. என்பிசிஐ சபையின் வங்கிக்குச் சொல்ல, அது சபையின் கணக்கில் 200 ஏற்றுகிறது. எல்லாம் சில விநாடி. அண்ணாச்சிகள் மாலையில் தீர்த்துக்கொண்டதுபோல, வங்கிகள் தங்களுக்குள் நிகரத் தொகையை ரிசர்வ் வங்கி வழியாக ஒரு நாளில் பலமுறை தீர்த்துக்கொள்கின்றன.

இதில் கவனியுங்கள்: பணம் ஜிபேயின் கைக்கு வரவே இல்லை. பாட்டியின் வங்கியிலிருந்து சபையின் வங்கிக்குப் போயிருக்கிறது. கமிஷன் எடுக்கிறார்கள் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. வங்கிக் கணக்கிலிருந்து நேரே போகும் யுபிஐ பணத்துக்கு, பெறுகிறவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது 2020 ஜனவரியிலிருந்து விதி. 200 அனுப்பினால் 200 வந்து சேரும். கிரெடிட் கார்டில் கொடுத்தாலோ, சபை தன் வலைத்தளத்தில் பேமென்ட் கேட்வே வைத்திருந்தாலோ நிலைமை வேறு. கேட்வே என்பது கார்டு, நெட் பேங்கிங் எல்லாவற்றையும் ஒரே வாசலில் வாங்கித் தரும் தனியார் சேவை. அதற்குச் சபை தொகையில் ஒரு பங்கைக் கட்டணமாகக் கொடுக்க வேண்டியிருக்கும். எங்கள் அளவுள்ள சபைக்கு அது தேவைப்படவே இல்லை.

அதேபோலச் சபைக்குத் தெரிவது மிகக் கொஞ்சம்: அனுப்பியவரின் பெயர் அல்லது யுபிஐ ஐடி, தொகை, நேரம், பரிவர்த்தனை எண். அவர் கணக்கில் மீதம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள எந்த வழியும் இல்லை.

"பணம் போச்சு, ஆனா வரலையே"

பெசன்ட் நகர் வேளாங்கண்ணி ஆலயத்தில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழாக் கூட்டத்தில் நின்று போனில் அனுப்பிப் பார்த்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கலாம். நெட்வொர்க் திணறும், வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், கணக்கில் பணம் கழிந்ததாக எஸ்எம்எஸ் வரும், அந்தப் பக்கம் எதுவும் வந்திருக்காது.

முதல் அண்ணாச்சி கழித்துவிட்டார், போன் அறுந்துவிட்டது, இரண்டாவது அண்ணாச்சிக்குச் சேதி போகவில்லை. அதுதான் நடந்திருக்கிறது. பணம் காணாமல் போகவில்லை. ஏட்டில் பாதி எழுதியபடி நிற்கிறது. உடனே இரண்டாம் முறை அனுப்பாதீர்கள். ரிசர்வ் வங்கி 2019-இல் போட்ட விதிப்படி, தனிநபருக்கு அனுப்பியது சேரவில்லை என்றால் மறுநாளுக்குள்ளும், வணிகக் கணக்குக்கு அனுப்பியது என்றால் ஐந்து நாளுக்குள்ளும் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் வீதம் வங்கி இழப்பீடு தர வேண்டும். உங்கள் செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க எண் ஒன்று இருக்கும். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வங்கியில் பேசவும் பொருளாளரிடம் சொல்லவும் அது போதும்; ஸ்கிரீன்ஷாட்டைவிட அந்த எண்தான் சாட்சி.

யார் பெயரில் கணக்கு?

நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே இந்தக் கேள்விதான். பாதுகாப்பு, கமிஷன் என்றெல்லாம் மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இதைக் கேட்பதில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஆலயங்கள் மூடியபோது எங்களிடம் சபையின் பெயரில் யுபிஐ இல்லை. ஆராதனையை வீடியோவில் நடத்தினோம். காணிக்கைக்குப் பொருளாளர் அண்ணன் தன் சொந்த போன் நம்பரை வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அவரைவிட நேர்மையான ஆளை நான் பார்த்ததில்லை. ஆனாலும் மூன்றே மாதத்தில் எங்கள் கணக்கு முடிச்சு விழுந்துவிட்டது. அவருடைய சம்பளம், வீட்டு வாடகை, மகளின் ஸ்கூல் ஃபீஸ், சபையாரின் தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) எல்லாம் ஒரே ஸ்டேட்மென்ட்டில். உறவினர் ஒருவர் திருப்பித் தந்த கைமாற்றும் ஒரு சபையார் அனுப்பிய காணிக்கையும் ஒரே தொகை, ஒரே நாள். எது எது என்று பிரிக்க இரண்டு பேருக்கும் போன் போட்டுக் கேட்டோம். பிறகு அவருக்கே கோவிட் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். போன் அவரோடு போய்விட்டது. பணம் இருந்தும் கோயில்பிள்ளைக்கு அந்த மாதச் சம்பளத்தை எங்கள் பாக்கெட்டிலிருந்து போட்டுக் கொடுத்தோம். அண்ணன் பிழைத்து வந்தார். வந்தவர் முதல் காரியமாக ஒரு நோட்டில் ரூபாய் விடாமல் கணக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அழுதார். அவர்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அப்படி ஒரு நிலையில் அவரை நிறுத்தியது எங்கள் தவறு.

சட்டத்தின் கண்ணில் தனிநபர் கணக்கில் இருக்கும் பணம் அந்தத் தனிநபரின் பணம். நாளை அவர் வருமான வரி அதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கலாம். அவர் காலமானால் அது அவருடைய வாரிசுகளின் விஷயமாகிவிடும். கமிட்டி மாறினால் புதுப் பொருளாளரின் நம்பர் வரும், பழைய நம்பரைச் சேமித்து வைத்தவர்கள் பழையவருக்கே அனுப்பிக்கொண்டிருப்பார்கள். சபைப் போதகரான ஆயரின் சொந்த நம்பரானாலும் இதே கதைதான். அன்பும் மரியாதையும் வேறு, கணக்கு வேறு.

சரியான ஏற்பாடு கடினமானது அல்ல. சபையோ, சபையைப் பதிவு செய்திருக்கும் அறக்கட்டளையோ தன் பெயரில் பான் எண்ணும் வங்கிக் கணக்கும் வைத்திருக்கும். இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று ஏற்கெனவே இருக்கும். கமிட்டியில் தீர்மானம் எழுதி வங்கிக் கிளையில் கொடுத்தால், அந்தக் கணக்குக்கே ஒரு கியூஆர் தருவார்கள். இதற்குத்தான் வணிகக் கியூஆர் என்று பெயர். சபை வியாபாரம் செய்கிறது என்று அர்த்தமில்லை. ஓர் அமைப்பு பணம் பெறுகிறது என்று மட்டுமே அர்த்தம். ஆள் மாறினாலும் அட்டை மாறாது. பணம் உள்ளே வர யாருடைய போனும் தேவையில்லை. வெளியே எடுக்க இரண்டு கையெழுத்து. வெஸ்ட்ரி மேசையில் மூன்று பேர் உட்கார்ந்து எண்ணுவது எதற்காகவோ, அதே காரணத்துக்காக ஸ்டேட்மென்ட்டைப் பார்க்கும் அனுமதியும் குறைந்தது இரண்டு பேருக்கு இருக்க வேண்டும்.

உங்கள் சபை அட்டையை ஸ்கேன் செய்தால் ஒரு மனிதரின் பெயர் வருகிறதா? அவரைச் சந்தேகிக்க வேண்டாம். ஆனால் வருகிற கமிட்டிக் கூட்டத்தில் இதை எழுப்புங்கள். அவரைக் காப்பாற்றவும் அதுதான் வழி.

எதற்காகக் கொடுத்தது?

பையில் விழும் பத்து ரூபாய்க்கு நோக்கம் எழுதியிருக்காது. அது பொதுக் காணிக்கை. கவரில் வருவதில் எழுதியிருக்கும்: சந்தா, தசமபாகம், பிறந்தநாள் ஸ்தோத்திரம், கட்டட நிதி, மிஷனரி ஊழியம். கட்டட நிதிக்கு வந்ததைக் கரண்ட் பில்லுக்குச் செலவழிக்கக் கூடாது. பல சபைகளில் சந்தா ஒழுங்காகக் கட்டியவருக்குத்தான் கமிட்டித் தேர்தலில் ஓட்டு. தேர்தல் வருடத்தில் இந்தப் பதிவேட்டை எத்தனை பேர் புரட்டுவார்கள் என்பது எல்லாச் சபையாருக்கும் தெரியும்.

போனில் கொடுக்கும்போது இந்தக் கவர் மறைந்துவிடுகிறது. செயலியில் குறிப்பு எழுத ஒரு சிறு கட்டம் உண்டு. பத்தில் இரண்டு பேர் எழுதினால் அதிகம். மீதியை எண்ணும் மேசையில் நாங்கள் ஊகிக்க வேண்டியிருக்கும். எங்களுக்குப் பலன் தந்தது எளிய வழி: சந்தாவுக்கு ஓர் அட்டை, கட்டட நிதிக்கு ஓர் அட்டை, பொதுக் காணிக்கைக்கு ஓர் அட்டை, மூன்று நிறத்தில். ஒரே சபைக் கணக்குக்குக் கீழேயே தனித்தனி யுபிஐ ஐடி வாங்கலாம். அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு அன்று மட்டும் நான்காவது அட்டை வைக்கிறோம். சுரைக்காயும் கோழியும் ஏலம் எடுத்தவர்கள் அங்கேயே கட்டிவிடுவதால், டிசம்பர் வரை பாக்கி கேட்டு அலைவது நின்றுவிட்டது.

சுருக்கமாக: கணக்கு சபையின் பெயரில் இருக்க வேண்டும், நோக்கத்துக்கு ஒரு விலாசம் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் எண்ணும் மேசையின் வேலையில் முக்கால் பங்கு முடிந்தது.

வலது கையும் இடது கையும்

பைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அதற்கு முகம் தெரியாது. ஆயிரம் போட்டவர் கையும் ஒரு ரூபாய் போட்டவர் கையும் ஒரே ஆழத்துக்குத்தான் உள்ளே போய் வரும். வலது கை செய்வதை இடது கை அறியக் கூடாது என்று கேட்டு வளர்ந்த நமக்கு அது பெரிய விஷயம். யுபிஐயில் அந்த மறைவு இல்லை. ஒவ்வொரு வரியிலும் பெயர் இருக்கிறது. தொழில்நுட்பத்தால் இதை மாற்ற முடியாது. சபையின் ஒழுக்கத்தால்தான் ஈடுகட்ட முடியும்.

ஸ்டேட்மென்ட்டைப் பார்க்கும் இரண்டு மூன்று பேர் அதை வெளியே பேசக் கூடாது. கொடுத்தவர்கள் பட்டியலைக் குழுவில் போடக் கூடாது. மாத மொத்தத்தைப் போட்டால் போதும். "அனுப்பிட்டேன்" என்று ஸ்கிரீன்ஷாட் போடுகிறவர்களை அன்பாகத் தடுக்க வேண்டும், ஏனென்றால் அதைப் பார்க்கும் வேலையில்லாத சகோதரன் ஒருவன் தலைகுனிவான். பெட்டிக்கடைகளில் "ஐம்பது ரூபாய் பெறப்பட்டது" என்று சத்தமாகச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டியை வங்கி இலவசமாகவே தருகிறேன் என்றாலும் ஆலயத்துக்குள் வைக்காதீர்கள். கடைக்காரருக்கு அது உதவி. காணிக்கை வேளையில் அது ஏழையைச் சுடும்.

பையை எடுத்துவிடலாமா என்று எங்கள் கமிட்டியிலும் ஒருமுறை பேச்சு வந்தது. நான் கடுமையாக எதிர்த்தேன், இன்னும் எதிர்ப்பேன். ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். பட்டன் போனிலும் யுபிஐ அனுப்ப 2022-இல் 123பே என்ற வசதி வந்தது. ஆனால் அழைப்பு போட்டு எண்ணை அழுத்தி அனுப்பும் பொறுமை எழுபது வயதில் எல்லோருக்கும் இருக்காது. அதோடு, அப்பா கொடுத்த ஐந்து ரூபாயைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி பை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தை இருக்கிறது. ஏழை விதவையின் இரண்டு காசு விழுந்த சத்தத்தைப் பிரசங்கத்தில் சொல்லிவிட்டு, காசு போட இடம் இல்லாமல் செய்துவிடக் கூடாது.

மாதாமாதம் தானாகப் போவது

யுபிஐ ஆட்டோபே 2020-இல் வந்தது. ஒருமுறை பின் போட்டு அனுமதி கொடுத்தால் மாதாமாதம் குறிப்பிட்ட தேதியில் குறிப்பிட்ட தொகை தானாகப் போகும். பொதுவாக 15,000 ரூபாய் வரையிலான தொகைக்கு ஒவ்வொரு முறையும் பின் கேட்காது. ஒவ்வொரு தடவை எடுப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் உங்களுக்குத் தகவல் வர வேண்டும். நிறுத்துவதும் உங்கள் செயலியிலேயே உங்கள் கையில். சபையிடம் கேட்க வேண்டியதில்லை. சந்தாவுக்கு இது வசதி. ஆனால் சபை இதை வற்புறுத்தக் கூடாது. வேலை போன மாதத்திலும் தானாகப் போய்விட்டதே என்று ஒருவர் மனம் நோகக் கூடாது.

வரியில் கழியுமா?

அந்த வாலிபத் தம்பிக்கு இப்போது வருகிறேன். வருமான வரியில் 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய சலுகை, தர்ம நிறுவனங்களுக்குத் தரும் நன்கொடைக்கானது. குறிப்பிட்ட ஒரு மதத்தவருக்காகவே நடக்கும் அமைப்புக்கும், முழுக்க மதக் காரியத்துக்காகக் கொடுப்பதற்கும் அது பொதுவாகப் பொருந்தாது. ஆகவே ஞாயிறு காணிக்கையைப் போனில் கொடுத்தாலும் பையில் போட்டாலும் வரியில் கழியாது.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. 2017-18 நிதியாண்டிலிருந்து 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்த நன்கொடைக்கு 80ஜி கிடையாது. வங்கி வழியாகத் தர வேண்டும். "ரொக்கமாகக் கொடுத்தால் கழியாது" என்ற செய்தி வாய்க்கு வாய் மாறி "ஆன்லைனில் கொடுத்தால் கழியும்" என்றாகிவிட்டது. சபையோ, பல சபைகளை நிர்வகிக்கும் திருமண்டலமோ நடத்தும் அநாதை இல்லம், முதியோர் இல்லம் போன்றவை தனி அறக்கட்டளையாகி 80ஜி பதிவும் பெற்றிருந்தால், அங்கே கொடுத்ததற்குச் சலுகை உண்டு. அவர்கள் அதற்கென்று உள்ள நன்கொடைச் சான்றிதழ் (10பிஇ என்று சொல்லிப் பழகியது) தருவார்கள். வெறும் ரசீது போதாது. அதுவும் பழைய வரி முறையில் கணக்குக் காட்டுகிறவர்களுக்குத்தான். புதிய முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு இந்தக் கழிவே இல்லை.

பணம் பெறப் பின் எதற்கு?

ஆயரின் படத்தை வைத்து "அவசரமாக ஓர் ஏழைக்கு ஆபரேஷன், இந்த நம்பருக்கு அனுப்புங்கள்" என்று வரும் வாட்ஸ்அப் செய்திகளை நம்பாதீர்கள். ஆயருக்கோ செயலாளருக்கோ நீங்களே போன் போட்டுக் குரலைக் கேளுங்கள். பணம் வெளியே போகத்தான் பின் எண் வேண்டும், உள்ளே வர வேண்டாம். பெறுவதற்குப் பின் போடச் சொல்கிறவர் ஏமாற்றுகிறார். மாட்டிக்கொண்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு பணத்தைப் பிடித்து நிறுத்த வாய்ப்பு.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள்

சென்னைச் சபைகளில் பாதி வீட்டுக்கு ஒரு பிள்ளை துபாயிலோ நியூ ஜெர்சியிலோ இருக்கிறது. கிறிஸ்துமஸ் நேரத்தில் "அட்டையைப் படம் எடுத்து அனுப்புங்க அங்கிள், நானும் போடறேன்" என்று செய்தி வரும். இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

வெளிநாட்டு நன்கொடைக்கு 2010-இல் வந்த எஃப்சிஆர்ஏ என்ற சட்டம் இருக்கிறது. அதன்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத சபை வெளிநாட்டு நன்கொடை பெறக் கூடாது. பதிவு பெற்ற அமைப்பும் அதை டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளையில் இதற்கென்றே திறந்த கணக்கில்தான் முதலில் பெற வேண்டும். 2020-இல் வந்த திருத்தம் அது. வாசலில் மாட்டிய அட்டை இதற்கு உதவாது.

எது வெளிநாட்டு நன்கொடை என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். பணம் டாலரா ரூபாயா என்பது கேள்வி அல்ல, அனுப்புகிறவர் எங்கே வசிக்கிறார் என்பதும் அல்ல. துபாயில் வேலை பார்த்தாலும் இந்தியக் குடிமகனாகவே இருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவர் இங்கே பெரம்பூரில் பிறந்து இதே ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவராக இருந்தாலும், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், சென்னைக் கணக்கிலிருந்து ரூபாயாகவே அனுப்பினாலும் சட்டப்படி அது வெளிநாட்டிலிருந்து வந்த நன்கொடைதான். அவரைத் திருப்பி அனுப்ப மனம் வராது, எனக்கும் வருவதில்லை. ஆனாலும் வாங்கக் கூடாது.

அதனால் எங்கள் பொருளாளர் அண்ணன் இப்போது அட்டையின் படத்தை அனுப்புவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: "தம்பி, எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வெச்சிருக்கீங்க?" இந்தியப் பாஸ்போர்ட் என்றால் அதன் முதல் பக்கத்தின் நகலை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்கிறார், பிறகு அட்டை போகிறது.